எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர் பேட்டன்ட் துறைக்கு வர எல்.எல்.பி. கட்டாயமா?

வேதிக்குடுவை கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஹெச்.பி.எல்.சி., டிஸல்யூஷன், ஸ்டெபிலிட்டி சோதனைகள் எல்லாம் கைப்பழக்கம். பேட்டன்ட் அட்டர்னி ஆக வேண்டும் என்று ஆசை. விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலில் மூன்று வருட எல்.எல்.பி. முடி என்கிறார் ஒருவர். பரீட்சை எழுதினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஏதாவது டிப்ளமா சேரச் சொல்கிறவர்களும் உண்டு. என் கேள்விகள்:

பேட்டன்ட் ஏஜென்ட், பேட்டன்ட் அட்டர்னி இரண்டும் ஒன்றா? எல்.எல்.பி. இல்லாமல் எதுவரை போகலாம்? லேப் அனுபவம் இந்த வேலையில் எதற்காவது உதவுமா, இல்லை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

---

கிளெய்ம்_ஒன்று பதில்:

இந்தியச் சட்டத்தில் ‘பேட்டன்ட் அட்டர்னி’ என்று ஒரு பதவியே கிடையாது. காப்புரிமைச் சட்டம் 1970 சொல்வது ‘பேட்டன்ட் ஏஜென்ட்’ மட்டும்தான். ஏஜென்டாகப் பதிவு செய்து, வக்கீலாகவும் பதிவு செய்தவர்கள் விசிட்டிங் கார்டில் அட்டர்னி என்று போட்டுக்கொள்வது அமெரிக்க வழக்கத்தைப் பார்த்து வந்தது. ஆகவே ‘அட்டர்னி ஆக’ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். ‘ஏஜென்டாகப் பதிவு செய்ய என்ன வேண்டும்’ என்று கேட்டால் விடை சட்டத்திலேயே இருக்கிறது.

126-ஆவது பிரிவைப் படியுங்கள். இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல் அல்லது பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம், அதோடு தகுதித் தேர்வில் தேர்ச்சி. அவ்வளவுதான். சட்டப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. மாறாக, அறிவியல் பட்டம் இல்லாமல் எல்.எல்.பி. மட்டும் வைத்திருப்பவர் அந்தத் தேர்வையே எழுத முடியாது. பி.காம். முடித்து வக்கீலானவருக்கு மூடியிருக்கும் கதவு உங்களுக்கு இப்போதே திறந்திருக்கிறது.

தேர்வு இல்லாத ஒரு வழியும் அதே பிரிவில் இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தில் எக்ஸாமினராகவோ (விண்ணப்பத்தை ஆராய்பவர்) கன்ட்ரோலர் பொறுப்பிலோ (அதன் மேல் முடிவெடுப்பவர்) மொத்தம் 10 ஆண்டுகள் பணியாற்றி, அதை விட்டு வெளியே வந்தவர்கள் நேரடியாகப் பதிவு செய்யலாம். உங்களுக்கு அது பொருந்தாது. எக்ஸாமினர் பணிக்கு அறிவிக்கை வந்தால் வேதியியல் பிரிவுக்கும் இடம் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பதிவு செய்த ஏஜென்டுக்கு 127-ஆவது பிரிவு தரும் உரிமை: கன்ட்ரோலர் முன் தொழில் செய்யலாம், ஆவணங்கள் தயாரிக்கலாம், அங்கே நடக்கும் நடவடிக்கைகள் எல்லாவற்றையும் கையாளலாம். ஸ்பெசிஃபிகேஷன் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்) எழுதுவது, தாக்கல் செய்வது, எஃப்.இ.ஆர். எனப்படும் முதல் ஆய்வறிக்கைக்குப் பதில், ஹியரிங், வழங்குவதற்கு முன்னும் பின்னும் வரும் எதிர்ப்புகள், ஆண்டுக் கட்டணம் வரை எல்லாம் இதில் அடங்கும். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் நடக்கும் வேலை அத்தனையும் எல்.எல்.பி. இல்லாமலே செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமா பற்றி: படித்தால் அறிவு வரும், பதிவு எண் வராது. எந்தப் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை டிப்ளமாவும் தகுதித் தேர்வுக்கு மாற்று இல்லை. ‘படித்து முடித்தவுடன் ஏஜென்ட் ஆகலாம்’ என்று விளம்பரம் செய்கிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

பதிவு இல்லாமல் ‘ஏஜென்ட்’ என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்தால் 129-ஆவது பிரிவை மீறியதாகும். 123-ஆவது பிரிவின்படி அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். பதிவு செய்த ஏஜென்டின் கீழ் டிராஃப்ட் எழுதிக் கொடுப்பதில் சிக்கல் இல்லை, கையெழுத்து அவருடையது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

---

வக்காலத்து பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் எல்.எல்.பி. வீண் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. கன்ட்ரோலரின் வாசலைத் தாண்டினால் ஏஜென்டுக்குக் குரல் கிடையாது.

அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது கன்ட்ரோலர் விண்ணப்பத்தை நிராகரித்தால் 117ஏ பிரிவில் மேல்முறையீடு நேராக உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு செயல்படுகிறது. 64-ஆவது பிரிவில் காப்புரிமையை ரத்து செய்யக் கோரும் மனு, மீறல் வழக்கு, அதில் எதிர்வழக்கு எல்லாம் நீதிமன்றத்தில்தான். அங்கே வாதாட வக்கீலாகப் பதிவு வேண்டும். வாரியம் இருந்த காலத்தை விட இன்று எல்.எல்.பி.க்கு மதிப்பு கூடியிருப்பதன் காரணம் இதுதான்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது வெளியே வராமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு, இன்றைய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவில் இருக்கிறது. அது வக்கீல்களுக்கானது. ஏஜென்டைப் பற்றி அங்கே பேச்சில்லை. ‘இந்தப் பொருள் எதிராளியின் கிளெய்முக்குள் (காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம்) விழுகிறதா’ என்று கருத்து எழுதித் தரும் வேலையை வெறும் ஏஜென்ட் செய்தால், நாளை வழக்கு வரும்போது அந்தத் தாளே கம்பெனிக்கு எதிராகத் திரும்பலாம். அதனால்தான் அத்தகைய கருத்துகளை வக்கீல் பெயரில் வாங்குகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஏஜென்ட் பதிவு இல்லாத வக்கீல், 132-ஆவது பிரிவின்படி (இது காப்புரிமைச் சட்டத்தின் 132, குழம்ப வேண்டாம்) கன்ட்ரோலர் முன் ஹியரிங்கில் கலந்துகொள்ளலாம். ஆனால் ஸ்பெசிஃபிகேஷன் தயாரித்துத் தாக்கல் செய்வது அவர் வேலை அல்ல.

சிலர் 2013 மார்ச்சில் வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, ‘அறிவியல் பட்டமும் வக்கீல் பதிவும் இருந்தால் தேர்வே வேண்டாம்’ என்பார்கள். 2005 திருத்தம் வக்கீல்களுக்கு இருந்த அந்த வழியை அடைத்தது. அதை நீதிமன்றம் செல்லாது என்றது உண்மைதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மூன்று வருடத் திட்டம் போடாதீர்கள். தேர்வில் தேறி வந்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

எல்.எல்.பி. சேர நினைத்தால் நடைமுறை இது. பட்டம் இருப்பதால் மூன்றாண்டுப் படிப்பு போதும். தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 45 சதவீதம் வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி வருகை 70 சதவீதம். தபால் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்துப் பதிவு செய்ய முடியாது. ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே ‘வருகையைச் சமாளித்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவின்போது அதே காலத்தின் பணிச் சான்றிதழும் வருகைப் பதிவேடும் மோதிக்கொள்ளும்.

முடித்த பிறகும் ஒரு கிடுக்கி இருக்கிறது. பார் கவுன்சிலின் 49-ஆவது விதி, தொழில் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. மருந்து கம்பெனியின் ஐ.பி. (அறிவுசார் சொத்து) பிரிவில் சம்பளத்துக்குச் சேர்ந்தால் சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்திவைக்க வேண்டும். ஏஜென்ட் பதிவுக்கு இந்தத் தடை இல்லை. கம்பெனிக்குள்ளேயே இருக்கப் போகிறவர்களுக்கு எல்.எல்.பி. அவசரமில்லை என்பது என் கருத்து.

---

படிகவடிவம் பதில்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. வேதியியல் காப்புரிமையில் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கும் தரவைப் பொறுத்தது. தரவைப் படிக்கத் தெரிந்தவர் அதனால் பாதி தூரம் வந்துவிட்டார்.

ஒரு மருந்தின் புதிய படிக வடிவத்துக்கு விண்ணப்பம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விஞ்ஞானி ஒரு எக்ஸ்.ஆர்.பி.டி. படத்தை (படிக வடிவத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம்) அனுப்பி ‘இதுதான் ஃபார்ம் பி’ என்பார். அது போதாது. எந்தக் கதிர் மூலம் (வழக்கமாக காப்பர் கே-ஆல்ஃபா), முக்கிய உச்சங்களின் இரண்டு-தீட்டா (கோண) மதிப்புகள், அவற்றுக்கு ±0.2 டிகிரி விலக்கம், டி.எஸ்.சி. என்ற வெப்பச் சோதனையில் உருகுநிலை, நீர் அல்லது கரைப்பான் எவ்வளவு சதவீதம் என்று கேட்டு வாங்க வேண்டும். 40 உச்சங்களையும் முதல் கிளெய்மில் போட்டால், போட்டியாளர் இரண்டைக் காணோம் என்று நழுவுவார். மூன்றே போட்டால் பழைய வடிவத்திலும் அவை இருக்கலாம். பழைய வடிவத்தின் படத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, இதில் மட்டும் இருக்கும் உச்சங்களைப் பிரித்தெடுக்கும் கண் சட்டப் புத்தகத்தால் வருவதில்லை.

பிறகு பிரிவு 3(டி). தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கணிசமாக மேம்பட்டிருந்தால்தான் காப்புரிமை. க்ளீவெக் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கு இதே சென்னை அலுவலகத்தில் 2006 ஜனவரியில் நிராகரிப்பாகத் தொடங்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மருந்து விஷயத்தில் பலன் என்றால் சிகிச்சைப் பலன் என்றது நீதிமன்றம். பொடி நன்றாக ஓடுகிறது, ஈரம் குறைவாக உறிஞ்சுகிறது, நிலைத்தன்மை கூடியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. உயிர்க்கிடைப்பு (மருந்து ரத்தத்தில் சேரும் அளவு) 30 சதவீதம் கூடியது என்பது கூட, அதனால் சிகிச்சை மேம்பட்டது என்று காட்டாதவரை போதவில்லை. உங்கள் தரக்கட்டுப்பாட்டுக் கண்ணுக்கு ஸ்டெபிலிட்டி அட்டவணை பெரிய சாதனையாகத் தெரியும். 3(டி)க்கு முன்னால் அதற்கு எடை இல்லை. இதை முதலிலேயே விஞ்ஞானியிடம் சொல்லி ஒப்பீட்டுச் சோதனை செய்ய வைப்பதுதான் ஏஜென்டின் வேலை.

‘பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 59-ஆவது பிரிவு, திருத்தம் என்பது உரிமையைக் குறைப்பதாகவோ பிழைத் திருத்தமாகவோ விளக்கமாகவோ மட்டும் இருக்கலாம் என்கிறது. தாக்கல் செய்த அன்று உள்ளே இல்லாத புதிய விஷயத்தை நுழைக்க முடியாது. புதிய கிளெய்ம் பழையதன் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். வினை வெப்பநிலை 20 முதல் 100 டிகிரி என்று கிளெய்ம் செய்துவிட்டு, எடுத்துக்காட்டு 60-இல் ஒன்று மட்டும் கொடுத்தால் எக்ஸாமினர் ஆதாரம் எங்கே என்பார். 20-க்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, 100-க்கு அருகில் ஒன்று என்று லேப் நோட்டில் இருப்பதை முதல் நாளே எடுத்து உள்ளே போடுங்கள். நடுவில் 40–70 என்று ஒரு துணைக் கிளெய்மும் வையுங்கள், பின்வாங்க இடம் வேண்டும்.

கல்லூரிக்காரர்கள் செய்வது வேறொன்று. போஸ்டர் வைத்துவிட்டு, ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றிவிட்டு, பிறகு விண்ணப்பிக்க வருவார்கள். முன்பே வெளியானது புதியது ஆகாது. 31-ஆவது பிரிவின் 12 மாதச் சலுகை அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்குத்தான். எல்லா வெளியீட்டையும் அது காப்பாற்றாது.

மூலிகை, கடல்பாசி, மண் நுண்ணுயிர் என்று இந்திய உயிரியல் வளம் ஏதாவது உள்ளே இருந்தால், உயிரியல் பன்மைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவையும் பார்க்க வேண்டும். அந்த ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் பொருள் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதாமல் விட்டால் அதுவே எதிர்ப்புக்குக் காரணமாகும். வெறும் கலவை என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(e) தடுக்கும், பாரம்பரிய அறிவு என்றால் 3(p) தடுக்கும். சித்த மருந்துக் குறிப்பை அப்படியே மாத்திரையாக்கிக் கொண்டு வருபவர்களை முதல் சந்திப்பிலேயே திருப்பி அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் உதவி.

---

வேதிக்குடுவை:

மூவருக்கும் நன்றி. அப்படியானால் முதலில் தேர்வு, எல்.எல்.பி. பிறகு என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வை எப்படி அணுகுவது? எதில் பெரும்பாலும் கவிழ்கிறார்கள்?

---

கிளெய்ம்_ஒன்று:

முதல் சிக்கல், தேர்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2018-க்குப் பிறகு 2023-இல்தான் நடந்தது. அறிவிக்கை வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. இப்போதே ஒரு ஏஜென்டிடம் சேர்ந்து எழுதிப் பழகுங்கள். விண்ணப்பம் படிவம் 22.

முதல் தாள் சட்டமும் விதிகளும், இரண்டாம் தாள் டிராஃப்டிங், பிறகு வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தாள்களுக்குத் தலா 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 50 சதவீதமும் மொத்தத்தில் 60 சதவீதமும் வேண்டும். முதல் தாளில் 85 எடுத்து, இரண்டாவதில் 46-இல் நின்றால் அத்தோடு முடிந்தது.

முதல் தாளில் ஆளைக் கவிழ்ப்பது காலக்கெடு. 2024 மார்ச் 15 முதல் விதிகள் மாறிவிட்டன. பழைய கைடுகளில் பரிசோதனைக் கோரிக்கைக்கு, அதாவது படிவம் 18-க்கு, 48 மாதம் என்றிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு தாக்கலான விண்ணப்பங்களுக்கு 31 மாதம். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய கணக்கே. கேள்வியில் தாக்கல் தேதி கொடுத்திருந்தால் சும்மா கொடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். படிவம் 3-இல் தரும் வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களைப் புதுப்பிப்பதும் அதே திருத்தத்தில் மாறியது. தற்காலிக விண்ணப்பத்திலிருந்து முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம், எஃப்.இ.ஆர். பதிலுக்கு 6 மாதம், பி.சி.டி. எனப்படும் சர்வதேச விண்ணப்பம் இந்தியாவில் நுழையும் தேசியக் கட்டத்துக்கு 31 மாதம், வழங்கிய பின் எதிர்ப்புக்கு வெளியீட்டிலிருந்து ஓராண்டு, காலாவதியானதை மீட்க 18 மாதம். இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதையும் சேர்த்துத்தான்: முன்னுரிமைத் தேதியா, தாக்கல் தேதியா, வெளியீட்டுத் தேதியா.

இரண்டாம் தாளில் வேதியியல்காரர்கள் பயப்படுவது இயந்திரக் கேள்விக்கு. ஒரு மடக்கு ஏணி கொடுத்திருப்பதாக நினையுங்கள். வர்ணனையில் ‘6 மி.மீ. எஃகு ஊசி துளையில் விழுந்து கால்களைப் பூட்டுகிறது’ என்று இருக்கும். அதை அப்படியே கிளெய்மில் இறக்கினால் 8 மி.மீ. பித்தளை ஊசி போட்டவர் தப்பிவிடுவார். ‘முதல் காலையும் இரண்டாம் காலையும் திறந்த நிலையில் விடுவிக்கத்தக்கவாறு பூட்டும் ஒரு பூட்டு உறுப்பு’ என்று முதல் கிளெய்மில் எழுதி, ஊசி என்பதை இரண்டாவதிலும், எஃகு என்பதை மூன்றாவதிலும் கொண்டுவர வேண்டும். எதிர்த் தவறும் உண்டு. அகலமாக எழுதுகிறேன் என்று பூட்டையே விட்டுவிட்டால் சாதாரண ஏணியே உள்ளே வந்துவிடும். பழைய ஏணியில் இல்லாதது எது, அது என்ன பிரச்சினையைத் தீர்க்கிறது என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு கிளெய்மைத் தொடங்குங்கள். மற்ற பகுதிகளை அதற்குப் பிறகு எழுதினால் நேரம் மிச்சம்.

கிளெய்மில் வரும் ஒவ்வொரு சொல்லும் விரிவான விளக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ‘தாழ்’, இங்கே ‘பூட்டு உறுப்பு’ என்று மாற்றி மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். தலைப்பு 15 சொற்களுக்குள், சுருக்கம் 150 சொற்களுக்குள். ‘உலகிலேயே சிறந்த’, ‘புரட்சிகரமான’ என்பதெல்லாம் வேண்டாம்.

கிளெய்ம் எண்ணிக்கையிலும் கை கட்டுப்பாடு வேண்டும். 10 கிளெய்ம், 30 பக்கம் வரை அடிப்படைக் கட்டணம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் 1,600 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் 320, பக்கத்துக்கு 160. பெரிய நிறுவனத்துக்கு இவை ஐந்து மடங்கு. வாய்மொழித் தேர்வில் இப்படிப்பட்ட நடைமுறைக் கேள்விகள் வரும்.

---

எல்லை_தாண்டி:

கேள்வியில் இல்லை, இருந்தாலும் அடுத்து இதுதான் வரும் என்பதால்: வெளிநாட்டிலும் முதல் நிபந்தனை அறிவியல்தான். அமெரிக்காவில் ஏஜென்ட், அட்டர்னி இருவரும் எழுதுவது ஒரே பதிவுத் தேர்வு. 100 கேள்விகள், ஆறு மணி நேரம், மதிப்பிடப்படும் 90-இல் 70 சதவீதம். வேதியியல் பட்டம் அங்கே நேரடியாக ஏற்கப்படும் வகையில் வருகிறது. வக்கீலாகவும் இருந்தால் அட்டர்னி, இல்லாவிட்டால் ஏஜென்ட். ஐரோப்பிய இ.க்யூ.இ. தேர்வுக்கும் சட்டப் பட்டம் கேட்பதில்லை. அறிவியல் பட்டத்தோடு, பதிவு பெற்ற பிரதிநிதியிடம் மூன்றாண்டுப் பயிற்சி கேட்கிறார்கள். இந்தியாவில் உட்கார்ந்தபடி அமெரிக்கப் பதிவு வாங்கலாம் என்று பயிற்சி வகுப்பு விற்பவர்களிடம், அமெரிக்கக் குடியுரிமையோ அங்கே தங்கி இந்த வேலை செய்யும் அனுமதியோ இல்லாமல் எப்படி என்று கேளுங்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்க வழக்குகளுக்கு பிரையர் ஆர்ட் (முன்பே வெளியான தகவல்) தேடலும் டிராஃப்டிங் உதவியும் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. லேப்பிலிருந்து வருபவருக்கு அதுவும் ஒரு நுழைவாயில். ஆனால் அங்கே தேடல் வேலையிலேயே தேங்கிவிட்டால் இரண்டாம் தாளுக்குக் கை பழகாது. சேரும்போதே கிளெய்ம் எழுதக் கொடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

---

வக்காலத்து:

கடைசியாக ஒன்று. படிவம் 22 போடும் முன் பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்று, பான், ஆதார் நான்கிலும் பெயரைச் சரிபாருங்கள். பட்டத்தில் ‘எஸ்.’ என்று தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் என்று இருப்பது நம் ஊரில் சகஜம். ஏஜென்ட் மின்வழியில் மட்டுமே தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. அதற்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பான், ஆதார் பெயரில் வரும். பதிவேட்டில் வேறு மாதிரி இருந்தால் முதல் தாக்கலின்போதே சிக்கும். கெஜட்டில் பெயர் மாற்றம் தேவை என்றால் அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.